பிணம் எழுப்பும் பானம்

ஜின் கால் பங்கு. குவான்த்ரோ என்கிற ஆரஞ்சுத்தோல் மது கால் பங்கு. கீனா லில்லே என்கிற பிரெஞ்சு ஒயின் கால் பங்கு. எலுமிச்சைச் சாறு கால் பங்கு. இவற்றோடு, அப்சிந்த் என்ற பச்சை நிற மது... ஒரு சொட்டு என்று சொல்லலாம். சொட்டைவிடக் கொஞ்சம் கூட. புட்டியைக் கவிழ்த்து வெடுக்கென்று ஒருதரம் உதறினால் விழுகிற அளவு. எல்லாவற்றையும் ஐஸ் கட்டிகளோடு மூடி போட்ட பாத்திரத்தில் கொட்டி, விரல்கள் மரத்துப்போகிறவரை குலுக்கி, வடிகட்டி, காம்பு வைத்த கண்ணாடிக் கிளாஸில் ஊற்றவேண்டும். லேசாக மேகம் போட்ட மாதிரி ஒரு வெளிர்மஞ்சள் திரவம். அவ்வளவுதான்.

பெயர்தான் பயங்கரம். 'கார்ப்ஸ் ரிவைவர் நம்பர் டூ.' நம்ம பாஷையில் சொன்னால், 'பிணம் எழுப்பி, இரண்டாம் எண்!'

பதறாதீர்கள். இந்த வாரம் உங்களுக்குக் காக்டெயில் கலக்கக் கற்றுக்கொடுக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. விஷயம் வேறு. 1930-ல் லண்டனில் அச்சான இந்தச் செய்முறைக்கும், தேனி மாவட்டத்தில் போடிக்குத் தெற்கே மலையடிவாரத்தில் கிடக்கிற தேவாரம் என்ற ஊருக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. காய்ச்சல் சம்பந்தம்! (தேவாரம் என்றதும் அப்பர், சம்பந்தர், சுந்தரர் ஞாபகம் வந்தால் தப்பில்லை. இது ஊர். அந்தக் காலத்துப் பாளையங்களில் ஒன்று.)

முதலில் லண்டன். அங்கே சவாய் ஹோட்டலில் 'அமெரிக்கன் பார்' என்று ஒன்று. அதன் தலைமை ஆசாமி ஹாரி கிராடக். பிறப்பால் இங்கிலாந்துக்காரர்தான். ஆனால் தொழில் கற்றது, பேர் வாங்கியது எல்லாம் அமெரிக்காவில். 1920-ல் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு வந்தது. மது ஊற்றிக்கொடுப்பதே பிழைப்பாக இருந்த மனிதர் என்ன செய்வார்? கப்பலேறி ஊர் திரும்பிவிட்டார். பத்து வருடம் கழித்து, தனக்குத் தெரிந்த செய்முறைகளை எல்லாம் தொகுத்து 'சவாய் காக்டெயில் புக்' வெளியிட்டார். நம் பிணம் எழுப்பி அதில்தான் இருக்கிறது.

முதல்நாள் ராத்திரி மூச்சுமுட்டக் குடித்துவிட்டு, காலையில் தலை தூக்க முடியாமல் பிணமாகக் கிடப்பவர்களை எழுப்பி உட்காரவைக்கிற பானம் இது. ஆக, மருந்து! அடுத்தடுத்து நாலு போட்டால் எழுந்த பிணம் மறுபடியும் சாய்ந்துவிடும் என்று கிராடக்கே எச்சரித்திருப்பது தனி வேடிக்கை.

ஆனால் இதை 'மருந்து' என்று சொல்வது வெறும் குடிகார ஜோக் இல்லை. கோப்பையில் இருக்கிற சரக்குகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள்.

எலுமிச்சை. மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகளுக்குப் பல் ஈறு அழுகி, பழைய காயங்கள் திரும்பத் திறந்து, கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். ஸ்கர்வி. 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், எலுமிச்சையும் ஆரஞ்சும் கொடுத்த நோயாளிகள் மட்டும் எழுந்து நடந்ததைப் பார்த்தார். பிற்பாடு பிரிட்டிஷ் கடற்படையில் எலுமிச்சைச் சாறு கட்டாயமானது. ஆக, இது கப்பல் மருந்து.

கீனா லில்லே. பெயரில் இருக்கிற 'கீனா'தான் சிங்கோனா மரப்பட்டை. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் வளர்ந்த காய்ச்சல் மரம். கொயினா என்று நம் தாத்தா பாட்டிகள் முகம் சுளித்துக்கொண்டே விழுங்கினார்களே, அதன் மூலம். 1820-ல் பிரான்ஸைச் சேர்ந்த பெலத்தியே, கவாந்து என்ற இரண்டு பேர் பட்டையிலிருந்து அந்தக் கசப்பைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். கசப்பை எப்படி உள்ளே தள்ளுவது? ஒயினில் கலந்தார்கள். பிரான்ஸில் இப்படி ஏகப்பட்ட கொயினா ஒயின்கள் கிளம்பின. லில்லே அதில் ஒன்று. (பிற்பாடு கசப்பைக் குறைத்து, பெயரிலிருந்த 'கீனா'வையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே கிராடக் குலுக்கிய அதே ருசி இன்றைக்கு யாருக்கும் வாய்க்காது.)

குவான்த்ரோ பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அது இனிப்புக்கு.

அடுத்தது அப்சிந்த். கதாநாயகன், வில்லன் இரண்டும் இவர்தான்.

சுவிட்சர்லாந்தும் பிரான்ஸும் உரசிக்கொள்கிற மலைப்பகுதியில் பிறந்த சரக்கு. 1805-ல் பெர்னோ குடும்பம் பிரான்ஸ் பக்கத்து பொந்தார்லியே ஊரில் ஆலை வைத்தது. நம்ம சோம்பு, அதன் ஒன்றுவிட்ட உறவான அனிஸ், இரண்டோடும் ஒரு கசப்புச் செடி. செடியின் பெயர் ஆர்டிமீசியா அப்சிந்தியம். மூன்றையும் சாராயத்தில் ஊறவைத்துக் காய்ச்சி வடித்தால் அப்சிந்த். தண்ணீர் விட்டதும் பால் மாதிரி வெளுக்கும். மந்திரமெல்லாம் இல்லை, சாராயத்தில் கரைந்திருந்த சோம்பு எண்ணெய், தண்ணீர் சேர்ந்ததும் கரையமுடியாமல் துளித்துளியாகப் பிரிவதுதான்.

அந்தக் கசப்புச் செடி ஐரோப்பாவில் காலங்காலமாக வயிற்றுப் பூச்சிக்கும் காய்ச்சலுக்கும் நாட்டு மருந்து. 1830-ல் பிரான்ஸ் அல்ஜீரியாவுக்குள் படை நடத்தியது. அல்ஜீரியர்களின் துப்பாக்கியைவிட, சதுப்பு நிலத்துக் காய்ச்சலும் பேதியும்தான் சிப்பாய்களை அதிகம் சாய்த்தன. என்ன செய்ய? குடிதண்ணீரில் கலந்துகொள்ளச் சொல்லி அப்சிந்த் கொடுத்தார்கள். காய்ச்சல் நின்றதோ இல்லையோ, பழக்கம் நிற்கவில்லை. ஊர் திரும்பிய வீரர்கள் பாரிஸ் தெருக்கடைகளில் உட்கார்ந்து அதையே கேட்டார்கள். வீரர் குடிப்பதைப் பார்த்துக் கனவான் குடித்தார், கனவானைப் பார்த்துக் கவிஞர் குடித்தார். சாயங்காலம் ஐந்து மணிக்குப் 'பச்சை வேளை' என்றே பெயர் வந்துவிட்டது.

மிச்சமிருப்பது ஜின். ஜூனிப்பர் என்ற ஊசியிலை மரத்தின் காயைப் போட்டு வடித்த சாராயம். அதுவும் ஹாலந்து மருந்துக்கடைச் சரக்காக இருந்து, குடிகாரர் சரக்காகப் பதவி உயர்வு பெற்றதுதான். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் ஏழைகள் ஜின்னால் சீரழிந்து, 1751-ல் சட்டம் போட்டு அடக்கவேண்டியிருந்தது. ஜின்னுக்கு மணம் கொடுப்பது ஜூனிப்பர் மட்டுமில்லை. கொத்தமல்லி விதை, எலுமிச்சைத்தோல், சில வேர்கள்... பல ஜின்களில் ஏலக்காய்! இங்கிலாந்தில் 1793 முதல் காய்ச்சப்படும் பிளைமவுத் ஜின்னில் ஏழு சரக்குகள். அதில் ஒன்று ஏலம். கடற்படை அதிகாரிகள் கப்பல் கப்பலாக ஏற்றிக்கொண்டுபோனது இந்த ஜின்னைத்தான்.

இப்போது தேவாரத்துக்கு வரலாம்.

இன்றைக்கு உலகத்திலேயே அதிகம் ஏலம் விளைவிக்கும் நாடு மத்திய அமெரிக்காவில் இருக்கிற குவாதமாலா. ஆனால் அங்கே ஏலச்செடி போனதே இருபதாம் நூற்றாண்டில்தான். அதற்கு முன்னால் ஐரோப்பாக்காரன் ஏலக்காய் மென்றால், அது பெரும்பாலும் நம் மேற்குத்தொடர்ச்சி மலையினுடையது, இல்லாவிட்டால் இலங்கையினுடையது. அந்த மேற்குமலையிலும் ஏலத்தின் பேரிலேயே ஒரு மலை உண்டென்றால் அது தேவாரத்துக்கு மேலே நிற்கிற ஏலமலைதான்.

வேடிக்கை என்னவென்றால், மலை ஒரு சர்க்காருக்கு, அடிவாரம் இன்னொரு சர்க்காருக்கு. மலை திருவிதாங்கூர் மகாராஜாவுடையது. ஏலம் அவருடைய ஏகபோகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிவரைக்கும், விளைகிற காயை சர்க்காரிடம் ஒப்படைத்துவிட்டு அவர்கள் கொடுக்கிற பங்கை வாங்கிக்கொள்ளவேண்டும். ஆனால் பாடுபட்டவர்கள் இந்தப்பக்கத்து ஜனங்கள். கம்பம், கோம்பை, தேவாரம், போடி ஆட்கள். பிரிட்டிஷ் மதுரை ஜில்லாவிலிருந்து மலை ஏறி, மகாராஜாவின் காட்டில் வேலை செய்து, இறங்கி வந்தார்கள். ஏறுகிற வழிகளுக்கு 'மெட்டு' என்று பெயர். போடிமெட்டு, கம்பமெட்டு, தேவாரத்துக்கு மேலே சாக்குலூத்து மெட்டு. போடிமெட்டுக்கும் கம்பமெட்டுக்கும் ரோடு வந்துவிட்டது. சாக்குலூத்து மெட்டுக்கு ரோடு கேட்டுத் தேவாரத்துக்காரர்கள் மனுக் கொடுத்துக் கொடுத்தே ஒரு தலைமுறை போய்விட்டது.

ஏலக்காய் மரத்தில் தொங்குகிற சமாசாரமில்லை. செடி ஆளுயரத்துக்கு மேல் வளரும். காயோ அடித்தூரில், தரையோடு தரையாகப் படர்கிற சரங்களில் இருக்கும். குனிந்தோ, குந்தி உட்கார்ந்தோதான் எடுக்கவேண்டும். எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றாது. ஆகவே அதே தூருக்குத் திரும்பத் திரும்ப வரவேண்டும். செடிக்கு நிழல் வேண்டும், ஈரம் வேண்டும், மழை வேண்டும். ஈரமும் நிழலும் மழையும் இருக்கிற இடத்தில் வேறு யார் குடியிருப்பார்கள்?

கொசு.

'மலைக்காய்ச்சல்' என்பார்கள். 'மலைத்தண்ணி ஒத்துக்கலை' என்பார்கள். வெள்ளைக்காரன் மட்டும் ரொம்பத் தெளிவாக இருந்தான் என்று நினைக்கவேண்டாம். மலேரியா என்ற சொல்லுக்கே 'கெட்ட காற்று' என்றுதான் இத்தாலியில் அர்த்தம். காட்டுக்காற்றில் ஏதோ விஷம் இருக்கிறது என்று லண்டன் டாக்டரும் நம்பினார், நம் வைத்தியரும் நம்பினார்.

இந்த அறியாமைக்கு எவ்வளவு விலை கொடுத்தோம் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. முல்லைப் பெரியாறு அணை. 1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்த வேலை. பென்னிகுக் துரையின் படம் இல்லாத கடை கம்பம் பள்ளத்தாக்கில் அபூர்வம். 2013-ல் லோயர் கேம்பில் மணிமண்டபமே கட்டியாகிவிட்டது. அவர் தகுதியானவர்தான், சந்தேகமில்லை. ஆனால் அணைக்கு வடக்கே ஒரு இடுகாடு இருக்கிறது. வேலை நடந்த வருடங்களில் நோய்வாய்ப்பட்டு இறந்து அங்கே புதைக்கப்பட்டவர்கள் 483 பேர் என்பது கணக்கு. கணக்கில் வராமல், காய்ச்சலோடு கீழே இறங்கி வீட்டுத் திண்ணையில் செத்தவர்களை யார் எண்ணியிருக்கப்போகிறார்கள்?

அந்தக் காட்டில் கூலிகளை நிறுத்திவைத்தது எது தெரியுமா? சாராயம். இதை நான் சொல்லவில்லை. அணையின் கதையை எழுதிய வெள்ளைக்காரர்களே, உள்ளூர்ச் சாராயத்தின் மருத்துவ குணம் இல்லாவிட்டால் அணை முடிந்தே இருக்காது என்கிற அர்த்தத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். மருத்துவ குணம்! மலேரியாக் கிருமியைச் சாராயம் ஒன்றும் செய்யாது. குளிர் நடுக்கமும் பயமும் ஒரு ராத்திரிக்கு மட்டுப்படும். மறுநாள் மண்வெட்டியைப் பிடிக்க அது போதும்.

அணை முடிந்த இரண்டாவது வருடம், 1897 ஆகஸ்ட் 20-ந் தேதி, செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்ற ராணுவ டாக்டர் ஒரு கொசுவின் வயிற்றைக் கிழித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். மலேரியாக் கிருமி உள்ளே இருந்தது. கெட்ட காற்றுக் கதை அன்றோடு முடிந்தது. (அதே வருடம் அவர் ஊட்டிக்குக் கீழே சீகூர் பக்கம் ஆராய்ச்சிக்குப் போய், தானே மலேரியாவில் படுத்து எழுந்தார் என்பது உபகதை.) இரண்டே வருடம்! அணையில் செத்தவர்கள் கொசுவலை என்று ஒன்று தங்களைக் காப்பாற்றியிருக்கும் என்பது தெரியாமலே போனார்கள்.

கொயினா இருந்ததே, அது என்னாயிற்று என்று கேட்பீர்கள். இருந்தது. 1860-ல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பவர் தென்னமெரிக்காவிலிருந்து சிங்கோனா நாற்றும் விதையும் கடத்தாத குறையாகக் கொண்டுவந்து நீலகிரியில் இறக்கினார். நடுவட்டத்தில் பெரிய தோட்டம் உருவானது. வேலைக்குச் சீனக் கைதிகளைக்கூடக் கொண்டுவந்து பூட்டிவைத்தார்கள். மூணாறு பக்கத்து மலைகளிலும் தேயிலை காலூன்றுவதற்கு முன்னால் துரைமார் போட்டுப்பார்த்த பயிர்களில் சிங்கோனா ஒன்று. ஆனால் கொயினா முதலில் போய்ச் சேர்ந்தது பட்டாளத்துக்கும் துரைமாருக்கும்தான். 1892-ல் வங்காளத்தில் தொடங்கி, தபால் ஆபீஸில் சின்னப் பொட்டலம் காலணாவுக்கு விற்கிற ஏற்பாடு வந்து, பிறகு மற்ற மாகாணங்களுக்கும் பரவியது. நல்ல ஏற்பாடுதான். தபால் ஆபீஸ் இல்லாத ஏலக்காட்டில் கிடக்கிறவனுக்கு என்ன பிரயோஜனம்?

துரைமார் கொயினாவை எப்படிச் சாப்பிட்டார்கள்? இங்கேதான் அந்தப் பிரபலமான கதை வருகிறது. கசப்பு தாங்காமல், சோடாவில் கொயினாவும் சர்க்கரையும் கரைத்தார்களாம். அதுதான் டானிக் வாட்டர். அதில் ஜின்னை ஊற்றிக்கொண்டார்களாம். மலேரியா ஓடிவிட்டதாம். சாம்ராஜ்யம் பிழைத்துக்கொண்டதாம்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மலேரியா வந்த ஆளுக்குக் கொயினா தரும் பழைய முறைப்படி ஒரு நாளைக்கு 1,800 மில்லிகிராம் வேண்டும். இன்றைக்கு அமெரிக்காவில் டானிக் வாட்டரில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு லிட்டருக்கு 83 மில்லிகிராம். அப்படியானால் தினம் 21 லிட்டருக்கும் மேலே டானிக் வாட்டர் குடிக்கவேண்டும். அந்தக் கால டானிக்கில் கொயினா கூடுதலாக இருந்திருக்கலாம், இருந்தும் ஒரு கிளாஸில் நோய் போகாது. டானிக் வாட்டருக்கு லண்டனில் உரிமம் பெற்றது 1858. ஜின்னும் டானிக்கும் சேர்ந்து அச்சில் தெரிகிற பழைய குறிப்பு 1868-ல் இந்தியாவில் வந்த ஒரு விளையாட்டுப் பத்திரிகையில். இடம் ஆஸ்பத்திரி இல்லை, குதிரைப் பந்தயம்! பந்தயம் முடிந்து வியர்த்து வந்தவர்கள் கேட்ட பானம். துரைமார் குடித்தது தாகத்துக்கு. அதற்கு 'மருந்து' என்று பெயர் வைத்துக்கொண்டது சௌகரியத்துக்கு. நிஜமான கொயினாத் தூள் அவர்கள் வீட்டு அலமாரியில் தனியாக இருந்தது.

மூணாறில் இன்றும் இருக்கிற ஹைரேஞ்ச் கிளப்பின் மதுக்கூடத்துச் சுவரில் பழைய தோட்டத் துரைமாரின் தொப்பிகள் வரிசையாக மாட்டியிருக்கின்றன. அந்த மலைக்குச் சாமான் ஏறிய முக்கியமான வழிகளில் ஒன்று நம்ம போடி வழி. அடிவாரத்தில் குரங்கணிப் பக்கமிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ரோப்வே. அங்கிருந்து மூணாறுக்கு 1908-லிருந்து குட்டி ரயில். 1924 வெள்ளம் அந்த ரயிலைத் தண்டவாளத்தோடு வழித்துக்கொண்டு போகிறவரை ஓடியது. தேயிலைப் பெட்டி கீழே இறங்க, அரிசி மூட்டை மேலே ஏறும். துரைமாரின் ஜின் புட்டிகளும் அதே கம்பியில் ஆடி ஆடித்தான் போயிருக்கும். ஏலம் இந்த மலையிலிருந்து இறங்கி, கப்பலேறி, புட்டிக்குள் புகுந்து, திரும்ப இந்த மலைக்கே ஏறிய மாதிரிதானே!

கோப்பையின் இன்னொரு பாதியான அப்சிந்த்துக்கு என்ன நடந்தது? அதையும் சொல்லிவிடுகிறேன். நமக்குத் தேவையான கதை.

1905 ஆகஸ்ட் 28. சுவிட்சர்லாந்தில் கொமுன்யி என்ற கிராமம். ஷான் லான்ஃப்ரே என்ற கூலித்தொழிலாளி குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தான். மனைவியோடு சண்டை. துப்பாக்கியை எடுத்தான். கர்ப்பிணி மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் சுட்டுக்கொன்றான். நாடே கொதித்தது. என்ன குடித்திருந்தான் என்று விசாரித்தார்கள். அப்சிந்த்! கேட்டதுதான் தாமதம், 82,000 பேர் கையெழுத்துப் போட்டுத் தடை கேட்டார்கள்.

நிஜத்தில் அவன் அன்றைக்குக் குடித்த அப்சிந்த் இரண்டு கிளாஸ். மற்ற நேரமெல்லாம் உள்ளே போனது ஒயினும் பிராந்தியும். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசினால் திராட்சைத் தோட்டக்காரர்கள் கோபித்துக்கொள்வார்களே! 1908-ல் சுவிட்சர்லாந்தில் வாக்கெடுப்பு நடந்து 1910-ல் தடை வந்தது. 1912-ல் அமெரிக்கா. 1915-ல், முதல் உலகப்போருக்கு நடுவே, பிரான்ஸ். ஒயினுக்கு ஒரு கீறல் விழவில்லை. அப்சிந்த் குடித்தால் மூளை கலங்கும் என்று சொன்னதற்குக் காரணமாகக் காட்டப்பட்ட தூஜோன் என்ற பொருள், தடைக்கு முந்தைய பழைய புட்டிகளை 2008-ல் சோதித்தபோது சொற்பமாகவே இருந்தது. கலக்கியது சாராயம்தான். சுவிட்சர்லாந்து 2005-ல் தடையை எடுத்தது, அமெரிக்கா 2007-ல். இங்கிலாந்து தடை போடவே இல்லை. அதனால்தான் 1930-ல் கிராடக் தைரியமாக அந்தப் புட்டியை உதற முடிந்தது.

இதைப் படித்தபோது எனக்கு நம்ம ஊர் ஞாபகம் வராமல் இல்லை.

1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. 1948-ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. அப்போதும், குடிக்காவிட்டால் உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால் 'பர்மிட்' உண்டு. மறுபடியும் மருந்து! பர்மிட் வாங்க வழியில்லாதவன் மருந்துக்கடையில் இஞ்சி டிஞ்சர் வாங்கிக் குடித்தான், அதுவும் மருந்துதான். 1971-ல் கடைகள் திறந்தன, சில வருடங்களில் மூடின, 1981-ல் திரும்பத் திறந்தன. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 1987 ஜனவரி முதல் தேதியிலிருந்து கள்ளும் சாராயமும் மட்டும் தடை. 2003 கடைசியில் சில்லறைக் கடைகளையும் அரசாங்கமே எடுத்து நடத்த ஆரம்பித்தது.

விளைவு? தேவாரத்தில் ஒருவர் ஜின் புட்டி வாங்கினால் சட்டப்படி ஒரு தப்புமில்லை, அரசாங்கமே பில் போட்டுத் தரும். பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ கள் இறக்கினால் குற்றம். அதே ஆள் மெட்டு ஏறி அந்தப்பக்கம் போனால், கேரளத்தில் ஷாப்பில் உட்கார்ந்து கள் குடிக்கலாம். ஒரே மலை, ஒரே தொண்டை. ஒயினைத் தப்பவிட்டு அப்சிந்த்தைத் தூக்கில் போட்டவர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை உண்டா என்று எனக்குச் சந்தேகம்தான். கள் நல்லது என்று வாதாட நான் வரவில்லை. எது மருந்து, எது விஷம் என்று முடிவு செய்யும் இடத்தில் ஒருநாளும் குடிக்கிறவன் வீட்டுப் பெண்களை உட்காரவைத்ததில்லை என்பதுதான் என் வருத்தம்.

தேவாரத்தில் விடியுமுன்னே ஜீப்புகள் நிற்கும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஏறுவார்கள். அமர இடமிருந்தால் அமர்வார்கள், இல்லாவிட்டால் பின்னால் தொற்றிக்கொள்வார்கள். சுற்றுவழியில் மலை ஏறி, ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு, இருட்டும்போது திரும்புவார்கள். டீக்கடைப் பக்கம், இனிமேல் மலை ஏற முடியாத வயசில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார்.

"மலைக்காய்ச்சல் வந்தா அப்பல்லாம் என்ன சாப்பிட்டீங்க அப்பத்தா?"

"என்னத்தச் சாப்பிட? கஷாயமும் கஞ்சியுந்தான். எஸ்டேட்டுல கொயினா குடுத்தா உண்டு. புள்ளைக கசப்புன்னு துப்பிரும். ஆம்பளைகளுக்குச் சாராயம். காச்சலு போயிரும்ப்பா, சாராயம் போகாது."

காய்ச்சல் போனதற்குப் பல காரணங்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வீடுவீடாக டி.டி.டி. அடித்தது ஒன்று. பிறகு வழக்கமான மருந்துக்கு மசியாத கிருமிகள் வந்தபோது, விடை வந்த திசை விசித்திரமானது. வியட்நாம் போரில் வடவியட்நாம் சிப்பாய்கள் மலேரியாவில் மடிய, 1967-ல் சீனா ரகசியமாக ஒரு மருந்து வேட்டையைத் தொடங்கியது. அதில் டூ யூயூ என்ற பெண் விஞ்ஞானி, சுமார் 1,600 வருடத்துக்கு முந்தைய ஒரு வைத்திய ஏட்டைப் புரட்டினார். செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை! சூடுதான் சத்தைக் கெடுக்கிறது என்று அவருக்குப் பொறி தட்டியது. குறைந்த சூட்டில் கொதிக்கும் ஈதரில் பிரித்துப் பார்த்தார். 1971-ல் மருந்து கிடைத்தது. ஆர்டிமீசினின். 2015-ல் நோபல் பரிசு. இன்றைக்கு உலகம் முழுக்க மலேரியாவுக்கு முதல் மருந்து அதன் வழிவந்ததுதான்.

பெயரைக் கவனித்தீர்களா? ஆர்டிமீசினின். செடியின் பெயர் ஆர்டிமீசியா அன்னுவா. அப்சிந்த்தில் போடுகிற ஆர்டிமீசியா அப்சிந்தியத்துக்குத் தங்கை முறை! அல்ஜீரியாவில் பிரெஞ்சுக்காரன் சரியான குடும்பத்தின் கதவைத்தான் தட்டியிருக்கிறான். திறந்தது வேறு பெண். அக்காவிடம் அந்தச் சத்து இல்லை. இருந்திருந்தாலும் காய்ச்சி வடித்ததில் போயிருக்கும்.

அந்தக் குடும்பத்தில் இன்னொரு தங்கை நம்ம ஊரில் இருக்கிறாள். தமிழ் பைபிளை மொழிபெயர்த்தவர்கள் அப்சிந்த் செடி வருகிற இடத்தில், கசப்பை மட்டும் கணக்கில் வைத்து 'எட்டி' என்று போட்டுவிட்டார்கள். எட்டி மரத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நிஜமான உறவுச்செடியின் தாவரவியல் பெயர் ஆர்டிமீசியா பாலென்ஸ். நாம் கூப்பிடுகிற பெயர் மரிக்கொழுந்து. மலேரியாவுக்கு அதனால் உபயோகம் ஒன்றுமில்லை. வாசம் மட்டும்தான்.

அன்று சாயங்காலம் ஜீப் வந்து நின்றது. இறங்கிய பெண்களின் விரல்களில் ஏலச்சாறு பச்சையாக ஏறியிருந்தது. ஒருத்தி நேரே பூக்காரம்மாவிடம் போய், "மரிக்கொழுந்து கூட வச்சுக் கட்டுங்கக்கா" என்று கதம்பம் ஒரு முழம் கேட்டாள்.